மண் போடாத குழாய்

ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'இன்னொருதடவை'. யாராவது ஒரு எண்ணைக் கொண்டுபோய்க் காட்டினால், "சரி, இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க" என்பாள். அவளே கண்டுபிடித்த எண்ணுக்கும் அதே மரியாதைதான். கேன்டீனில் டீக்குச் சர்க்கரை போட்டாச்சு என்று சொன்னாலும் ஒரு வாய் குடித்துப் பார்க்காமல் அந்த இடத்தை விட்டு நகரமாட்டாள் என்று சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் குடித்துப் பார்ப்பதை விடமாட்டாள்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அப்பாவிடமிருந்து என்பாள். அப்பா வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிறவர். மாதத்தில் பாதி நாள் யாராவது வாசலில் வந்து நின்று, நீ தப்பாக எழுதிவிட்டாய் என்று சண்டை பிடிப்பார்கள். அப்பா கோபப்படமாட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களோடு கிளம்பிப் போய், அவர்கள் கண் முன்னாலேயே மறுபடி மீட்டரைப் படித்துக் காட்டிவிட்டு வருவார். ஊரே சந்தேகப்படுகிற ஒரு மனிதரின் மகளாக வளர்ந்ததால் சந்தேகம் என்பது அவளுக்கு அவமானமாகத் தோன்றவில்லை, தினசரி வேலைகளில் ஒன்றாகத் தோன்றியது. பின்னால் அவளுக்கு வந்த கஷ்டத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

அவள் பார்த்த வேலையை வீட்டில் யாருக்கும் விளக்கிச் சொல்லி முடிந்ததில்லை. கம்ப்யூட்டருக்குள் களிமண்ணைக் கட்டுவாள். சிலிக்கன் ஒரு அடுக்கு, அலுமினியம் ஒரு அடுக்கு, நடுவிலும் மேலும் ஆக்சிஜன் என்று அணு அணுவாக அடுக்கி, அதன்மேல் தண்ணீர் ஊற்றி, தண்ணீரில் ஈயத்தை விடுவாள். ஈயம் மண்ணில் எங்கே போய் ஒட்டுகிறது, எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது, மறுபடி கழன்று வருகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. மண் துகளின் தட்டையான முகத்தில் ஈயம் வந்து கொஞ்ச நேரம் உட்காரும், எழுந்து போய்விடும். உடைந்த விளிம்பில் மாட்டினால் லேசில் விடாது. ஒரு பிடி மண்ணில் அப்படிப்பட்ட விளிம்பு எவ்வளவு என்று தெரிந்தால், அந்தப் பிடி மண் எவ்வளவு ஈயத்தைப் பிடித்து வைக்கும் என்று சொல்லிவிடலாம்.

இதை ஒருமுறை நாத்தனாரிடம் ஆசையாக விளக்கினாள். நாத்தனார் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ நிஜ மண்ணும் கிடையாது, நிஜ ஈயமும் கிடையாது. சம்பளம் மட்டும்தான் நிஜம்னு சொல்லுங்க அண்ணி" என்றாள்.

நிஜ மண்ணும் நிஜ ஈயமும் அவள் கணவனிடம் இருந்தன. அவனும் அதே நிலையத்தில்தான், கீழ்த்தளத்துச் சோதனைக்கூடத்தில். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். அந்தப் பழக்கத்தில் கல்யாணத்துக்குப் பிறகும் ஒருவரையொருவர் நீ, வா, போ என்றுதான் பேசுவார்கள். அவன் ஈயம் கலந்த தண்ணீரில் களிமண்ணைப் போட்டுக் குலுக்குவான், பிறகு மண்ணை வடிகட்டி எடுத்துவிட்டு, தண்ணீரில் எவ்வளவு ஈயம் பாக்கி இருக்கிறது என்று அளப்பான். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவும் மண்ணில் ஒட்டியது. கணக்கு அவ்வளவுதான். மேலே அவள் சொல்வதும் கீழே அவன் அளப்பதும் இத்தனை வருடங்களில் பெரிதாக முரண்பட்டதில்லை. முரண்பட்டாலும் பஸ்ஸில் வீட்டுக்கு வருவதற்குள் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்துவிடுவார்கள்.

நகராட்சி வேலை வந்தபோதுதான் அது மாறியது.

ஊருக்கு வெளியே பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கிற பட்டறைகள் இருந்தன. அங்கிருந்து வரும் கழிவுநீரைத் தேக்க நகராட்சி ஒரு குளம் வெட்டப்போகிறது. அடியில் களிமண் பரப்பினால் ஈயம் நிலத்தடிக்கு இறங்காது. எவ்வளவு கனத்துக்குப் பரப்ப வேண்டும் என்பதை நிலையம் சொல்ல வேண்டும். குளத்துக்குப் பக்கத்தில் இரண்டு குடியிருப்புகள், எல்லா வீட்டிலும் கிணற்றுத் தண்ணீர்.

அவள் கணக்குப் போட்டு ஒரு எண் சொன்னாள். அவன் அளந்து ஒரு எண் சொன்னான். அவன் மண் அவளுடைய மண்ணைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஈயத்தைப் பிடித்தது.

கூட்டத்துக்கு நகராட்சிப் பொறியாளர் வந்திருந்தார். அவனுடைய எண்ணைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. மண் நிறையப் பிடித்தால் மெல்லிசாகப் பரப்பினால் போதும், வேலை சீக்கிரம் முடியும். நிலைய டைரக்டரும் அவன் பக்கம்தான் சாய்ந்து, அவளிடம் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க கணக்கை நான் குறை சொல்லல. ஆனா கம்ப்யூட்டர்ல மழை பெஞ்சா நாம குடை எடுத்துட்டா போறோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. மேசையில் இருந்த பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

பஸ்ஸில் கேட்டாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா. ரெண்டு பேர் எண்ணும் ஏன் ஒத்துப்போகலன்னு பார்க்கணும்னாவது."

"அளந்ததைச் சொன்னேன். அளக்காததை எப்படிச் சொல்றது?"

அன்று யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவள் தன் கணக்கை மறுபடி ஓட்டினாள். விளிம்பை வேறு மாதிரி உடைத்துப் பார்த்தாள், தண்ணீரைக் கூட்டிப் பார்த்தாள், பெரிய துண்டாக மண்ணைக் கட்டிப் பார்த்தாள். எண் அசைந்து கொடுக்கவில்லை. அப்படியானால் தப்பு கீழ்த்தளத்தில்தான் என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. எண்ணில் தப்பு என்றுதான் முதலில் நினைத்தாள். ஆள் பக்கம் நினைப்பு போகவில்லை. அதற்கு வழி காட்டியது நாத்தனார்.

நாத்தனார் மாடிப் பகுதியில் தனியாகக் குடியிருந்தாள். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. கடை எரிந்துவிட்டது, கிடங்கு எரிந்துவிட்டது என்று வருகிறவர்களில் யார் தானே கொளுத்தினவன் என்று கண்டுபிடிப்பது அவள் பொறுப்பு. ஒரு சாயங்காலம் டீ குடிக்கக் கீழே வந்தவள், மேசையில் கிடந்த ஒரு வரைபடத்தை எடுத்துப் பார்த்தாள். அவன் அளந்த புள்ளிகள். வளைந்து ஏறுகிற ஒரு கோட்டின் மேல் எல்லாப் புள்ளிகளும் பிசகாமல் உட்கார்ந்திருந்தன.

"இது யாரோடது?"

"ஏன்?"

"இவ்வளவு ஒழுங்கா இருக்கே. நிஜமாவே கடை எரிஞ்சவன் பாதியை மறந்துட்டு, மாத்தி மாத்திப் பேசுவான். தானே கொளுத்தினவன்தான் அழகா, வரிசையாச் சொல்லுவான். எங்க ஆபீஸுக்கு இப்படி ஒண்ணு வந்தா முதல்ல தனியா எடுத்து வைப்போம்."

"உங்க அண்ணன் அளந்தது அது."

நாத்தனார் தாளைக் கீழே வைத்தாள். "அண்ணன்னு தெரியாமச் சொல்லிட்டேன்." டீயை உறிஞ்சினாள். கொஞ்சம் கழித்து, "தெரிஞ்சிருந்தாலும் தனியாத்தான் எடுத்து வைப்போம்" என்றாள்.

சும்மா சொன்ன பேச்சு. ஆனால் காதில் விழுந்த பிறகு அவளுக்குக் கண்ணில் படுவதெல்லாம் வேறு மாதிரி பட்டது. அவள் அறைக்குள் வந்தால் கணவன் லேப்டாப்பை மூடினான். போன் வந்தால் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனான். ஒருமுறை கதவருகே நின்று கேட்டபோது "சார், கொஞ்சம் பொறுங்க சார், நான் பார்த்துக்கிறேன்" என்றது காதில் விழுந்தது. அழைத்தவர் நகராட்சிப் பொறியாளர் என்பதைப் பிறகு போனிலேயே பார்த்தாள், அவன் குளிக்கப் போயிருந்த நேரத்தில். அப்படிப் பார்த்தது அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் பார்த்தாள். 'நான் பார்த்துக்கிறேன்' என்றால் எதைப் பார்த்துக்கொள்வது?

சாப்பிடும்போது அவன் கேட்டான். "என்ன அப்படிப் பார்க்கிற?"

"ஒண்ணுமில்ல. தாடி வச்சிருக்கியேன்னு பார்த்தேன்."

"ரெண்டு நாளா ஷேவ் பண்ணல. அதுக்குப் பேர் தாடியா?"

அதற்கும் ஒரு அர்த்தம் இருக்குமோ என்று யோசித்தாள். ஒருநாள் நன்றாகத் தூங்கிய மாதிரி தெரிந்தான், மறுநாள் தூங்காத மாதிரி தெரிந்தான். அவன் எப்படி இருந்தாலும் அது அவள் சந்தேகத்துக்குச் சாட்சியாகப் போய் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடு மாற்றிக்கொண்டிருந்த நண்பனுக்குச் சாமான் தூக்க அவன் போனான். அவன் தெரு முனை திரும்பியதும் அவள் சோதனைக்கூடத்துச் சாவியை அவனுடைய ஆபீஸ் பையிலிருந்து எடுத்தாள். தனியாகப் போகப் பயம். நாத்தனாரைத் துணைக்குக் கூப்பிட்டாள்.

"எதுக்கு அண்ணி?"

"நான் சோதிச்சுப் பார்க்கணும். உங்க அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்."

நாத்தனார் ஒரு நிமிடம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். "அன்னைக்கு நான் வாயை மூடிக்கிட்டு டீயைக் குடிச்சிருக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

கூடத்தில் ஜன்னல்கள் அடைத்திருந்தன. அமில வாடையும் ஈரத் துணி வாடையும் கலந்து வந்தது. அவள் மண்ணை அணு அணுவாகக் கட்டத் தெரிந்தவள். ஆனால் படிப்பு முடிந்த பிறகு கையில் சோதனைக் குழாய் பிடித்ததே இல்லை. சுவரில் கணவன் தன் உதவியாளர்களுக்காக ஒட்டி வைத்திருந்த செய்முறைத் தாள் இருந்தது. அதை வரி வரியாகப் படித்து அப்படியே செய்தாள். பட்டறைப் பக்கத்துத் தண்ணீரில் ஈயம் கலந்த கரைசல் பெரிய பாட்டிலில் இருந்தது. அதைக் குழாய்களில் ஊற்றினாள். ஒவ்வொன்றிலும் களிமண்ணை நிறுத்துப் போட்டாள். ஒரு குழாயில் மட்டும், தாளில் சொல்லியிருந்தபடி, மண் போடாமல் விட்டாள். மண் இல்லாத இடத்தில் ஈயம் குறையவில்லை என்று காட்டினால்தான், மற்றவற்றில் குறைந்தது மண்ணால்தான் என்று சொல்ல முடியும்.

குலுக்கும் எந்திரம் தடதடவென்று ஓடியது. நாத்தனார் ஜன்னல் இடுக்கு வழியாக வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"திருட்டு கண்டுபிடிக்கிறவளைக் கொண்டுவந்து திருட்டுக்குக் காவல் போட்டுட்டீங்க அண்ணி."

"இது திருட்டு இல்ல."

"எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க."

மதியத்துக்கு மேல் எந்திரத்தை நிறுத்தி, ஒவ்வொரு குழாயின் தண்ணீரையும் ஊசிக் குழலில் உறிஞ்சி, அதன் முனையில் வட்ட வடிகட்டியைச் செருகி, சொட்டுச் சொட்டாக வடித்தாள். கட்டை விரல் கன்றிப்போயிற்று. எல்லாக் குழாயையும் வடித்தாள். மறுநாள் அளவுக் கருவி அறையில் இருந்தவரிடம், "எங்க வீட்டுக்காரர் குடுத்தாருங்க, புது செட்" என்று சொல்லிக் கொடுத்தாள். பொய் நாக்கில் தடுக்கவே இல்லை. அது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

முடிவு வந்தது. மண் போட்ட குழாய்களில் அவன் சொன்ன அதே அளவுதான் ஈயம் குறைந்திருந்தது. ஆனால் மண் போடாத குழாயிலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவான ஈயத்தைக் காணவில்லை.

அவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒட்டுவதற்கு மண்ணே இல்லாதபோது ஈயம் எங்கே போகும்? ஒரே பதில்தான் தோன்றியது. பாட்டிலில் முதலிலேயே ஈயம் குறைவு. லேபிளில் ஒரு அளவை எழுதிவிட்டு உள்ளே குறைத்துக் கலந்திருக்கிறான். இல்லாத ஈயத்தை மண் பிடித்துவிட்டதாகக் கணக்கில் வரும். பொறியாளரின் போன், பால்கனி, மூடிய லேப்டாப் எல்லாம் பொருந்திவிட்டன. எல்லாம் இவ்வளவு அழகாகப் பொருந்துகிறதே என்று அவள் அன்று சந்தேகப்படவில்லை.

வீட்டுக்குப் போனபோது அவன் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவளுடைய சுடிதார் ஒன்றும் மடித்துத் தயாராக இருந்தது. அவள் பையைக்கூட இறக்கவில்லை.

"பாட்டில்ல எவ்வளவு ஈயம் போட்ட?"

"எந்த பாட்டில்?"

"தெரியாத மாதிரி பேசாதேப்பா. ஞாயித்துக்கிழமை உன் லேப்ல நான் சோதிச்சுப் பார்த்துட்டேன். மண்ணு போடாத குழாய்லயே ஈயம் பாதி இல்ல. எவ்வளவு நாளா இப்படிக் கலக்கிற? அந்த இன்ஜினியர் உனக்கு என்ன சொன்னார்?"

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. அவள் கத்தலை எதிர்பார்த்துத் தோளை இறுக்கிக்கொண்டாள். ஆனால் அவன் நெற்றியைச் சுருக்கி எதையோ யோசித்தான்.

"மண்ணு போடாததை எப்படி அளந்த?"

"எல்லாத்தையும் போலத்தான்."

"வடிகட்டினியா?"

"வடிகட்டினேன்."

"மண்ணே இல்லாததையுமா?"

"எல்லாத்தையும்தான். ஏன், செய்யக்கூடாதா?"

அவன் சுவிட்சை அணைத்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"நான் அதை வடிகட்ட மாட்டேன்" என்றான் மெதுவாக. "மண்ணே இல்லாததுல எதை வடிகட்டுறது? நேரா அளந்துடுவேன். இத்தனை வருஷமா அப்படித்தான்."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பாட்டிலில் குறை இல்லை. வடிகட்டிதான் ஈயத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. வடிகட்டி தின்றதெல்லாம் மண்ணின் கணக்கில் ஏறியிருந்தது. ஈயம் நிறைய இருந்த பழைய வேலைகளில் அது ஒரு பொருட்டே இல்லை. கொஞ்சமாகக் கலந்திருந்த இந்தத் தண்ணீரில் பாதியை விழுங்கிவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி விழுங்கியதால்தான் புள்ளிகள் அவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. வேலை தெரிந்த எவனும் மண்ணில்லாத தண்ணீரை வடிகட்டியிருக்கமாட்டான். அவளுக்கு வேலை தெரியாது என்பதால் வடிகட்டினாள்.

அவள் பையை இறக்கினாள்.

"சாவி எங்க கிடைச்சுது?" என்று கேட்டான்.

"உன் பைல."

"ம்."

பிறகு அவன் ஒன்றொன்றாகச் சொன்னான், அவள் கேட்காமலே. பொறியாளர் தினம் போன் போட்டு, எண்ணைக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று நெருக்கிக்கொண்டிருந்தார். அவளுடைய எண் ஏன் ஒத்துவரவில்லை என்று தெரியும்வரை பொறுங்கள் என்று அவன் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான். லேப்டாப்பில் அவன் படித்தது அவளுடைய பழைய கட்டுரைகள். அவள் கணக்கில் எங்கே ஓட்டை என்று தேடிக்கொண்டிருந்தான்.

"நீயும் என்னைச் சந்தேகப்பட்டிருக்க" என்றாள்.

"உன் கணக்கை."

அவ்வளவுதான் சொன்னான். அவன் எழுந்து மிச்சச் சட்டைகளை மடிக்காமலே அலமாரியில் வைத்தான்.

அடுத்த வாரம் முழுவதும் அவன் மறுபடி அளந்தான். வடிகட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, குழாயை வேகமாகச் சுழற்றி மண்ணை அடியில் படியவைத்து, மேல் தண்ணீரை எடுத்து அளந்தான். மண் போடாத குழாயையும் அதே மாதிரி சுழற்றினான். அதில் ஈயம் முழுசாக இருந்தது. மற்றவற்றில் வந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனான். அது அவளுடைய எண்ணையும்விடக் குறைவு.

அவளுக்கு முதலில் வந்தது கோபம், வேண்டுமென்றே செய்கிறானோ என்று. அந்த நினைப்பு வந்த வேகத்தைப் பார்த்து அவளே பயந்தாள். உட்கார்ந்து யோசித்தாள். அவன் குழாயில் இருந்தது பட்டறைப் பக்கத்துத் தண்ணீர், சுண்ணாம்பு நிறைந்தது. அவள் கம்ப்யூட்டரில் ஊற்றியது சுத்தத் தண்ணீர். நிஜத் தண்ணீரில் சுண்ணாம்பும் மற்ற உப்புகளும் பஸ் ஏறுகிற மாதிரி கூட்டமாக ஏறி விளிம்பில் இடம்பிடித்து உட்கார்ந்துவிடுகின்றன, ஈயம் நின்றுகொண்டே வருகிறது. அவற்றையும் சேர்த்துக் கணக்கை ஓட்டினாள். எண் இறங்கி, அவன் எண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றது. தண்ணீர் எப்படிப்பட்டது என்று அவள் ஒருமுறைகூட அவனிடம் கேட்டிருக்கவில்லை.

மறுபடி கூட்டம். இந்தத் தடவை அவன் முதலில் எழுந்தான். "சார், நான் குடுத்த எண் தப்பு."

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அம்மாவோட எண்ணையே போட்டுடலாமா?"

"அதுவும் தப்பு சார்" என்றாள் அவள்.

பொறியாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எங்க வீட்லதான் கண்டுபிடிச்சாங்க" என்றான் அவன்.

"வீட்லயா? இதையெல்லாம் வீட்ல வச்சு சோதிக்கலாமா?"

டைரக்டர் இருமிச் சமாளித்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சாவி, ஞாயிற்றுக்கிழமை, கருவி அறையில் சொன்ன பொய் எதையும் அவன் அங்கே சொல்லவில்லை. எங்கேயும் சொல்லவில்லை.

களிமண்ணை முதலில் நினைத்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கனமாகப் பரப்ப வேண்டியதாயிற்று. பொறியாளர் முணுமுணுத்தார், வேலை ஒரு மழைக்காலம் தள்ளிப்போயிற்று, ஆனால் பரப்பினார்கள். கிணறுகளில் இன்றைக்கும் தண்ணீர் எடுத்து அளக்கிறார்கள். இதுவரை கெடுதல் இல்லை.

வீட்டில் பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. நாத்தனார் ஒரு மாதம் டீ குடிக்க இறங்கி வரவில்லை. பிறகு வந்தாள், மேசையில் எந்தத் தாள் கிடந்தாலும் அதன் மேல் டம்ளரை வைத்துவிட்டுப் பேசினாள்.

ஒருநாள் துணி காயப்போடும்போது அவன் கேட்டான். "என்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா, மண்ணில்லாததை வடிகட்டத் தேவையில்லன்னு சொல்லியிருப்ப. அந்தத் தப்பு கடைசிவரைக்கும் தெரிஞ்சிருக்காது."

"சரிதான்." ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டான். "அது வேலைக்குச் சரி."

அவள் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தாள். அதை அன்று சொல்லவில்லை, வேறொரு நாள் சொன்னாள், பாத்திரம் கழுவிக்கொண்டே, குழாய்ச் சத்தத்தில். அவன் "ம்" என்றான். கேட்டுத்தான் சொன்னானா என்று அவளுக்குத் தெரியாது.

அடுத்த வருடம் நிலையத்துக்குப் பின்னால் புதுக் கட்டடம் வந்தது. அவன் தன் கூடத்தை அங்கே மாற்றித் தரும்படி கேட்டு வாங்கினான். பழைய இடத்தில் ஈரம், கருவி துருப்பிடிக்கிறது என்றான். முன்பெல்லாம் ஒரு மாடி இறங்கினால் போதும், இப்போது முற்றத்தைத் தாண்டிப் போக வேண்டும். ஆனாலும் மதியச் சாப்பாட்டுக்கு அவனே வருகிறான், இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுகிறார்கள், ஒரே பஸ்ஸில்தான் திரும்புகிறார்கள். துருப்பிடித்த தண்ணீர்க் குழாய்களில் ஆர்சனிக் எப்படி ஒட்டுகிறது என்று இப்போது புதிதாக ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறார்கள். எந்தத் தண்ணீர் என்று அவள் முதல் நாளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பழைய கூடத்தில் உண்மையிலேயே ஈரம் இருந்ததா என்பதைக் கட்டடப் பராமரிப்பாளரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அவர் தினமும் படிக்கட்டில் எதிரே வருகிறவர்தான். ஒருநாள் அவரே நின்று, "சாருக்குப் புது ரூம் பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்டார்.

"வெளிச்சம் நல்லா இருக்குன்னு சொன்னார்" என்றாள். வேறு எதுவும் கேட்காமல் மேலே ஏறிப் போனாள்.